நாடும் பத்தாண்டுமா, வகைப் பெயரா?

புதுப் பாட்டு தேட எனக்கு இரண்டு வழி. ரேடியோஓஓஓ (Radiooooo) என்ற இணையதளத்தில் உலக வரைபடத்தில் ஒரு நாட்டைத் தொட்டு, பத்தாண்டைத் தேர்ந்தெடுத்து, மெதுவா, வேகமா, விசித்திரமா என்று சொன்னால் போதும். எத்தியோப்பியா, 1970, விசித்திரம் என்று வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனால், பாடுவது யாரென்று பார்க்க ஈரக் கையோடு ஓடிவர வேண்டியிருக்கும். எவ்ரி நாய்ஸ் அட் ஒன்ஸ் (Every Noise at Once) என்ற இணையதளம் வேறு ரகம். பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் வேலை பார்த்த கிளென் மெக்டொனால்டு, அந்த நிறுவனத்தின் தரவை வைத்து, அதில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இசை வகைகளின் பெயர்களைத் திரை முழுக்க இறைத்திருக்கிறார், கீழே இருப்பது இயல்பான வாத்திய ஒலி, மேலே போகப் போக எந்திரத்தனம் கூடும். (இப்படியெல்லாம் வகை இருக்கிறதா என்று சிரிப்பும் வரும்.) பிடித்த பாட்டுக்கு அக்கம்பக்கம் துருவ இதுதான் சரி, ஆனால் 2023 கடைசியில் ஸ்பாட்டிஃபை அவரை வேலையிலிருந்து நீக்கிய பிறகு அந்த வரைபடம் வளரவில்லை. அதனால் இப்போதைக்கு என் ஓட்டு முதலாவதுக்கு.