புழல் சாலை நாற்றுப்பண்ணையில் வாங்கிய மாண்டோ புல்: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கும் மதில் சுவருக்கும் இடையே, வடக்குப் பக்கத்தில், ஆறடி அகலமும் இருபத்திரண்டு அடி நீளமும் உள்ள மண் தரை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பாதிக்கு மேல் மாமரக் கிளைகள் கவிந்திருக்கும். மறுபாதிக்கு வீட்டுச் சுவரே நிழல். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும், கோடையில் புழுதி பறந்து சமையலறை சன்னல் வரை வரும். எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இத்தகைய இடத்துக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. ஆனால் 2003ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாங்கள் தோண்டிய உறிஞ்சு குழி அங்கேதான் இருக்கிறது என்பதாலும், மழை இறங்குவதற்கென்று வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே மண்ணையும் மூடிவிட எனக்கு மனம் வராததாலும், ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் தரைமூடிச் செடியைப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். அதற்காக 2023 ஆகஸ்ட் கடைசியில், சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ஜி.என்.டி. சாலையில் புழலைத் தாண்டியிருக்கும் ஒரு நாற்றுப்பண்ணைக்குச் சென்றேன். அங்கே கண்ட குறையையும் எழுத வேண்டியிருப்பதால் பண்ணையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அதற்கு முன் இரண்டு கடைகளில் விசாரித்திருந்தேன். நிழலில் வளரும் செடி வேண்டும் என்றதும் இரு கடைக்காரர்களும் வேறெதுவும் கேட்காமல் மஞ்சள் பூப் பூக்கும் வெடிலியாவை எடுத்துக் கொடுத்தார்கள். புழல் பண்ணைக்காரர் செடியைக் காட்டுவதற்கு முன்பே, "அந்த எடம் வீட்டுக்கு எந்தப் பக்கம்மா இருக்குது? நிழல்னு எந்த மாசத்துல பாத்துச் சொல்றீங்க?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளாக அந்த வீட்டில் இருந்தும் அந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆடி முடியும் வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே சாய்ந்து செல்கிறது. மார்கழியில் ஒரு கதிர்கூட விழாத வடக்குப் பக்கம், அக்கினி நட்சத்திர நாட்களில் நடுப்பகல் வெயிலை நேராக வாங்கும். தை மாதத்தில் இடத்தைப் பார்த்துவிட்டு முழு நிழல் என்று நம்பிச் செடி வைப்பவர்கள் வைகாசியில் அது கருகுவதைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். எனவே நிழலையும் தாங்கி, ஆண்டில் நான்கு மாதம் ஓரிரு மணி நேர உச்சி வெயிலையும் தாங்கக்கூடிய செடியே எனக்குத் தேவை என்பதை அவர் சில கேள்விகளிலேயே கண்டுபிடித்துவிட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பண்ணையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

வெடிலியாவை அவர் வேண்டாம் என்றார். நிழலில் அது பூக்காமல் கொடியாக நீண்டு, மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர்விட்டு, அடுத்த வீட்டுக்கும் சாக்கடைக்கும் இறங்கிவிடும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில், உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களுள் ஒன்றாக அச்செடி இடம்பெற்றிருக்கிறது என்பதால் எனக்கும் அதில் விருப்பமில்லை. இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமுள்ள ரியோ என்ற செடி அழகாக இருந்தது. ஆனால் அதன் சாறு தோலில் பட்டால் எரிச்சல் தரும், எங்கள் பேத்தி அங்கேதான் விளையாடுவாள். சிங்கோனியம் நம் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, வாயில் பட்டால் சேம்பைப் போலவே அரிக்கும். போதாததற்குச் சுவர் கண்டால் ஏறிவிடும். இறுதியாக அவர் எடுத்து வைத்தது மாண்டோ புல்.

பெயர்தான் புல், உண்மையில் அது புல்லினம் அன்று. நம் நாட்டு மருத்துவத்தில் பயன்படும் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பான், சீனா, கொரியா ஆகியவை அதன் தாயகங்கள். கரும்பச்சை நிறத்தில் ஒடுங்கிய இலைகள் கொத்தாக எழுந்து ஒரு சாண் உயரத்தில் வளைந்து கவியும். மண்ணுக்கடியில் மெல்லிய ஓடுதண்டுகள் விட்டுப் பரவும். வேர்களில் சிறு கிழங்குகள் இருக்கும். வெட்ட வேண்டியதில்லை, இலையுதிர்ப்பது இல்லை. அதன் பெரிய குறை மந்தம். நட்ட ஆண்டில் அது பெரும்பாலும் வேருக்குத்தான் உழைக்கிறது. மேலே நமக்குத் தெரிவது கொஞ்சமே. அடிக்கடி மிதிபடும் இடத்துக்கும் உகந்ததன்று. இவ்விரண்டையும் பண்ணைக்காரர் நான் கேட்காமலேயே சொன்னார். நடைபாதை வேண்டுமென்றால் நடுவே கடப்பைக் கல் பதித்துவிட்டு இருபுறமும் நடுமாறு ஆலோசனை கூறினார். அவ்வாறு செய்யாமல் விட்டது என் பிழை, இப்போது துணி உலர்த்தப் போகும் வழியில் ஓர் ஒற்றையடித் தடம் விழுந்திருக்கிறது.

கணக்கிலும் அவர் நேர்மையாக இருந்தார். 132 சதுர அடிக்கு, அரையடி இடைவெளியில் நட்டால் 528 செடிகள் வேண்டும். செடி உள்ள ஒரு கவர் அப்போது 20 ரூபாய். அத்தனையையும் என் தலையில் கட்டியிருக்கலாம். ஒவ்வொரு கவரிலும் உள்ள கொத்தைக் கையால் மூன்றாகப் பிரித்து நடலாம் என்று சொல்லி, 180 கவர்கள் மட்டுமே கொடுத்தார். வேரோடு பிரித்தெடுக்கும் முறையையும் ஒரு கவரைக் கிழித்துக் காட்டினார். ஆந்திரத்தின் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியத்திலிருந்து வரும் சரக்கு அது. வடக்கே நெல்லூர், விஜயவாடா வழியாக அந்த ஊர் வரை செல்லும் நெடுஞ்சாலையின் சென்னை முனையில்தான் இந்தப் பண்ணைகள் அமைந்திருக்கின்றன. அச்செடிகள் களிமண் உருண்டையோடு வந்திருந்தன. அந்த உருண்டையை அப்படியே செம்மண்ணில் வைத்தால், சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்போதும் அது உள்ளே இறுகிக் கல்லாகிவிடும் என்பதால், ஒரு வாளி நீரில் அமிழ்த்திப் பாதிக் களியைக் கரைத்துவிட்டு நடச் சொன்னார். அவசரத்தில் நான் அலசாமல் நட்ட இருபது கொத்துகளில் பாதிக்கு மேல் வாடின. அலசியவற்றில் வாடியவை மிகக் குறைவு.

நடவுக்கு அவரே இருவரை அனுப்பினார். அவர்களில் மூத்தவரான பெரியவரின் வேலை மிகவும் நன்றாக இருந்தது. மேல்மண்ணை அரையடி எடுத்துவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து, அதில் வேப்பம் புண்ணாக்கையும் தூவி நிரப்பினார். தரையை உறிஞ்சு குழியை நோக்கி இலேசாகச் சாய்வாக்கினார். குருத்து மண்ணுக்குள் புதையாதபடி ஒவ்வொரு கொத்தையும் உயர்த்திப் பிடித்து மண் அணைத்தார். காலை எட்டு மணிக்கு வந்தவர்கள் மாலை ஐந்துக்கு இடத்தைக் கூட்டிக் கழுவிவிட்டுத்தான் சென்றார்கள்.

இனி குறை. அவர்களிடமே மூட்டை 80 ரூபாய் வீதம் பன்னிரண்டு மூட்டை செம்மண் வாங்கியிருந்தேன். நட்ட பதினைந்தாம் நாளே வரிசைகளுக்கு நடுவில் பளபளப்பான இளம்பச்சை இலைகள் முளைத்தன. மாண்டோதான் துளிர்க்கிறது என்று மகிழ்ந்து இரண்டு வாரம் நீர் ஊற்றினேன். அது கோரை. பூத்தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று முனைகள் தட்டுப்படும். அதை வைத்துத்தான் உறுதி செய்துகொண்டேன். கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலித் தொடராக இருக்கும். மேலே பிடுங்கும்போது தொடர் அறுந்து, உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் முளைக்கத் தொடங்கும். சின்னக் கரண்டியால் கிழங்கோடு தோண்டி எடுப்பது தவிர வேறு வழியில்லை. நெருக்கமாக நட்ட செடிகளுக்கிடையே அதைச் செய்வது எவ்வளவு வேதனை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறேன். பண்ணையில் முறையிட்டபோது, வாடிய செடிகளுக்கு ஈடாகப் பதினைந்து கவர்கள் விலையின்றிக் கொடுத்தார்கள். ஆனால் மண்ணுக்குத் தாங்கள் பொறுப்பில்லை, அது வெளியிலிருந்து வருவது என்று கூறிவிட்டார்கள். தம் பெயரில் விற்கும் மண்ணைச் சலித்துப் பார்த்து விற்கும் கடமை அவர்களுக்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். அதைப் போலவே, ஓரத்துக்கென்று குட்டை ரகம் எனச் சொல்லிக் கவர் 35 ரூபாய்க்குக் கொடுத்த முப்பது செடிகளும் ஆறு மாதத்தில் மற்றவற்றின் உயரத்துக்கே வளர்ந்துவிட்டன. கத்தரித்து வைத்த சாதாரண ரகம் அது. வேண்டுமென்றே செய்தார்களா, சரக்கு கலந்துவிட்டதா என்பதை நான் ஆராயவில்லை; எந்தக் கவரிலும் பெயர்ச்சீட்டு இல்லாத இடத்தில் இத்தகைய தவறு நேரத்தான் செய்யும்.

மிக்ஜாம் புயல் மழையில், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் தெருவில் தேங்கிய நீர் உள்ளேயும் வந்தது. பெரியவர் வைத்த சாய்வு அப்போதுதான் அதன் மதிப்பைக் காட்டியது. நீர் வடிந்த பிறகு மேட்டுப் பக்கத்தில் ஒரு செடிகூடச் சாகவில்லை. குழியை ஒட்டிச் சேறு படிந்த இரண்டடி இடத்தில் மட்டும் குருத்தழுகி நாற்பது கொத்துகள் போயின. அடுத்த மே மாதத்தில் மாமர நிழல் எட்டாத பாதியில் இலை நுனிகள் பழுத்தன, ஆடி கழிந்து புதிய இலைகள் வந்ததும் அது மறைந்தது. முதல் ஆண்டு முழுவதும் பார்த்தவர்கள் எல்லாம் இது எப்போது நிரம்பும் என்று கேட்டார்கள். இரண்டாம் மழைக்காலம் முடிந்தபோது மாமரத்தடியில் மண் தெரியாமல் மூடிவிட்டது. பாசி இல்லை, புழுதி இல்லை. அடர்ந்த செடியில் பாம்பு அடையும் என்று அஞ்சிய என் மாமியார், இலைகள் முழங்காலுக்கு வெகு கீழேயே நின்றுவிடுவதைப் பார்த்த பிறகு காலையில் அங்கே நாற்காலி போட்டு அமர்கிறார். பெருமழை பெய்தாலும் நீர் செடிகளுக்கிடையே இறங்கிக் குழிக்குப் போகிறது.

செடி 3,600, குட்டை ரகம் என்று வாங்கியது 1,050, மண் 960, சிறு லாரி 600, ஆட்கூலி 1,800 என மொத்தம் 8,010 ரூபாய் ஆயிற்று. எருவும் நார்க்கழிவும் எங்களிடமே இருந்தன. வடசென்னையில் நிழலான கொல்லையோ சந்தோ உள்ளவர்கள் அந்தச் சாலைப் பண்ணைகளுக்குச் செல்வதாக இருந்தால், முதலில் இடத்தின் திசையையும் சித்திரை, வைகாசியில் அங்கே வெயில் விழும் நேரத்தையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள். ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். செடிக்கும் ஆலோசனைக்கும் அந்தப் பெரியவரின் கைவேலைக்கும் நான் மீண்டும் அங்கேயே செல்வேன். சேறு படிந்து அழிந்த இடத்தை நிரப்ப அடுத்த மாதம் பதினைந்து கவர்கள் வாங்க இருக்கிறேன். மண்ணை மட்டும் வேறிடத்தில் வாங்கி, இரண்டு வாரம் ஒரு தொட்டியில் நனைத்து வைத்து, கோரை முளைக்கிறதா என்று பார்த்த பிறகே தரையில் கொட்டுவேன்.