14 பேருக்கு ஒரு மரக்கப்பல்: குலெட்டா, பினிசியா?

பொங்கலன்று வளவில் (வீட்டின் நடு முற்றம்) புள்ளிக்கு (கல்யாணமான ஒரு ஜோடி) ஒரு பானையாக வைத்து இறக்கி, சாப்பிட்டு முடித்து, எல்லோரும் முகப்பில் சாய்ந்த நேரத்தில் தம்பி மகன்தான் ஆரம்பித்தான். "இந்த வருஷம் கப்பல் உண்டா, இல்லையா?" காரைக்குடி வீட்டில் அன்றைக்கு நாலு புள்ளி, தனியாக அயித்தை, பிள்ளைகள் ஐந்து பேர். ஆக 14. அப்பத்தா கணக்கில் இல்லை, அவர் வர மாட்டார்.

இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் தடவை இந்தோனேசியாவில் பினிசி, கொமோடோ தீவுப் பக்கம் நாலு நாள். அடுத்தது துருக்கியில் குலெட், ஒரு வாரம். இரண்டும் பாய்மரம் வைத்த மரக்கப்பல். கேப்டன், சமையல்காரர், உதவியாட்கள் எல்லோரோடும் முழுசாக வாடகைக்குக் கிடைக்கும். படத்தில் பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஏறிப் பார்த்தால் குணம் வேறு வேறு.

முதலில் பாய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாய் விரித்து, காற்றில் சாய்ந்துகொண்டு போகப்போகிறோம் என்ற கனவு இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கப்பலும் பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடுகின்றன. பினிசிக்கு இரண்டு பாய்மரம், ஏழு பாய் என்பது மரபு. ஆனால் சுற்றுலாவுக்கு வரும் பலவற்றில் பாய்மரம் கோபுரத்துக்குக் கலசம் மாதிரி அழகுக்கு நிற்கிறது. குலெட்டிலும் அதே கதைதான். எங்கள் கேப்டன் ஒரு நாள் மாலை, நாங்கள் நச்சரித்ததால், அரை மணி நேரம் விரித்துக் காட்டினார். எஞ்சின் நின்றதும் எழுந்த அந்த அமைதியைப் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள். நிஜமாகவே பாயில் போகவேண்டும் என்றால் முன்பணம் கட்டும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மரத்தைப் பற்றிப் பேசாமல் செட்டிநாட்டுக்காரனால் இருக்க முடியாது. பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்து வளர்ந்தவர்கள் நாம். இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசியில் புலுக்கும்பா பக்கம் கடற்கரையிலேயே பினிசியைக் கட்டுகிறார்கள். முதலில் வெளிப்பலகைகளை மர ஆணி அடித்துச் சேர்த்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே விலாச்சட்டம் வைப்பார்கள். சட்டத்தை நிறுத்திவிட்டுப் பலகை அடிப்பதே நமக்குத் தெரிந்த வரிசை, இது அதற்கு நேர் தலைகீழ். இந்தக் கலையை யுனெஸ்கோ 2017-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குலெட் துருக்கியில் போத்ரும், போஸ்புருன் பக்கத்துச் சரக்கு. ஒரு காலத்தில் மீனும் கடற்பஞ்சும் ஏற்றிய படகு வகை. 1925-ல் போத்ருமுக்கு நாடு கடத்தப்பட்ட எழுத்தாளர் ஜெவத் ஷாகிர், பின்னாளில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு படகில் அலைந்ததில் பிறந்ததுதான் 'நீலப் பயணம்' என்ற இன்றைய குலெட் உலா. தண்டனைக்குப் போன ஊரையே ஊர் உலகம் தேடி வரும்படி செய்துவிட்டார் மனுஷன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குலெட் ஒரு நாளைக்கு மூன்று, நாலு மணி நேரம்தான் நகரும். பிறகு ஏதாவது ஒரு குடாவுக்குள் நுழைந்து நங்கூரம் போட்டு, பின்பக்கம் ஒரு கயிற்றைக் கொண்டுபோய்க் கரையில் இருக்கும் பைன் மரத்திலோ பாறையிலோ கட்டிவிடுவார்கள். அப்புறம் கப்பல் அசையாது. பின்தளத்தில் நீளமான சாப்பாட்டு மேசை, முன்தளத்தில் மெத்தைகள். நம் வளவு மாதிரியேதான்: எந்தக் கதவைத் திறந்து வந்தாலும் எல்லோரும் கூடும் இடத்தில்தான் கால் வைக்கவேண்டும்.

பினிசி அப்படி இருக்க விடாது. கொமோடோவில் பார்க்கவேண்டியவை எல்லாம் கரையிலும் தண்ணீருக்கு அடியிலும் இருக்கின்றன. விடியுமுன் எழுப்புவார்கள். பதார் தீவுக் குன்றில் படி ஏறவேண்டும், பிறகு 3 மீட்டர் வரை வளரும் கொமோடோ உடும்பு, பிறகு திருக்கை மீன்களோடு நீச்சல், சாயங்காலம் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகக் கிளம்புவதை வேடிக்கை பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் பெரிய கப்பலிலிருந்து சின்னப் படகில் இறங்கி ஏறவேண்டும். அந்தத் தீவுகளுக்கு நடுவில் நீரோட்டம் பலமானது, சின்னப் படகு ஆடும். அயித்தைக்கு முழங்கால் வலி. ஒரு கை கப்பல் ஏணியில், ஒரு கை மாலுமிப் பையன் தோளில், ஒரு கால் காற்றில். அப்படியே நின்றுகொண்டு, "போங்கடா, நான் வரலை" என்றார். மீதி இரண்டு நாளும் அவர் கப்பலை விட்டு இறங்கவில்லை. கூட்டத்தில் 60 தாண்டியவர் ஒருவர் இருந்தாலும் என் ஓட்டு குலெட்டுக்குத்தான். எல்லோரும் இளவட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பினிசி.

சாப்பாட்டில் நான் நினைத்ததற்கு மாறாக நடந்தது. அரிசிச் சோறு, தேங்காய், மிளகாய் என்று இந்தோனேசியா நமக்குப் பக்கத்து வீடு. சைவக்காரர்களுக்குத்தான் அங்கே ஒரு கண்ணி உண்டு. சம்பலில் பெரும்பாலும் தெராசி, அதாவது இறால் விழுது, அரைத்திருப்பார்கள். மலேயாவில் பெலாச்சான் என்பது இதுதான். நம் பெரியவர்களுக்கு அந்த வாசனை தெரியும், சின்னவர்களுக்குத் தெரியாது. "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது, "மீன், இறால், தெராசி எதுவும் வேண்டாம்" என்று பெயர் சொல்லிச் சொல்லவேண்டும். குலெட்டில் இந்தத் தொல்லை குறைவு. பருப்பு சூப், ஆலிவ் எண்ணெயில் வெந்த கத்தரிக்காய், பீன்ஸ், தயிர், கோதுமை ரவைச் சோறு. மூன்று நாளைக்கு ருசி, நாலாம் நாள் நாக்கு காரம் கேட்கும். அயித்தை பருப்புப்பொடியும் மாவற்றலும் கொண்டுவந்திருந்தார். அடுப்படிக்குள் யாரையும் விடாத அந்தச் சமையல்காரர், எண்ணெயில் போட்டதும் வற்றல் பூத்து விரிந்ததைப் பார்த்து வழிவிட்டார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அயித்தைதான் மேற்பார்வை.

படுக்கை விஷயத்தில் பினிசியில் நன்றாக ஏமாந்தோம். "14 பேர் படுக்கலாம்" என்றார் ஏற்பாட்டாளர். பொய் இல்லை. ஐந்தே அறைகளில், அடுக்குக் கட்டில் போட்டு. அதில் ஒன்று எஞ்சினுக்கு ஒட்டிய அறை. டீசல் வாடையும் ஜெனரேட்டர் சத்தமும் தாங்காமல் அண்ணனும் அண்ணியும் தளத்தில் படுத்தார்கள், விடியும்போது போர்வை பனியில் நனைந்து கனத்துப்போயிருந்தது. எத்தனை தலை என்று கேட்காதீர்கள். எத்தனை அறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறை உண்டா, எந்த அறை எஞ்சின் பக்கம், ராத்திரி ஏசி எத்தனை மணி வரை என்று கேளுங்கள். கீழ்த்தளத்து வரைபடத்தை அனுப்பச் சொல்லுங்கள். குலெட்டுக்கு அப்படிக் கேட்டுத்தான் ஏழு அறை பிடித்தோம். அங்கேயும் குளிக்கத் தண்ணீரை அளந்துதான் விடவேண்டும், கழிப்பறைக் காகிதத்தைக் கூடையில்தான் போடவேண்டும்.

இரண்டும் மரம், இரண்டிலும் டீசல், இரண்டிலும் அடுப்பு. கொமோடோ பக்கம் கப்பல் தீப்பிடித்ததும் மூழ்கியதும் நடந்திருக்கிறது. உயிர்காப்புச் சட்டை எண்ணிக்கை, ராத்திரி விழித்திருக்கும் காவலாள், அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி, இந்த மூன்றையும் ஏறியவுடனே நேரில் பாருங்கள். காற்று பலத்தால் அங்கே துறைமுக அதிகாரி கப்பல்களை நிறுத்திவைப்பார், குறிப்பாக ஜனவரி, பிப்ரவரியில். அப்போது "போகலாம் வாங்க" என்று சொல்கிற ஆளை நம்பக்கூடாது.

பருவம் பார்த்தால் நம் பள்ளி விடுமுறைக்குப் பினிசி பொருந்தும். கொமோடோவில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம். துருக்கியில் மே முதல் அக்டோபர் வரை. ஆனால் மே மாதத்தில் கடல் இன்னும் சில்லென்றிருக்கும், ஜூலை ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று அடிக்கும், விலையும் உச்சத்தில். ஜூனும் செப்டம்பரும்தான் சுகம். விசாவுக்கும் இந்தோனேசியாவே லேசு: போய் இறங்கியதும் 5,00,000 ரூப்பியா கட்டினால் 30 நாள். துருக்கிக்கு அமெரிக்க, பிரிட்டன், ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது) விசா ஏதாவது கையில் இருந்தால் இணையத்திலேயே வாங்கலாம், இல்லாவிட்டால் முறைப்படி விண்ணப்பம். துருக்கியே வேண்டாம் என்பவர்களுக்குக் குரோவேஷியாவிலும் குலெட் உண்டு. 2023-லிருந்து அது ஷெங்கனுக்குள் வந்துவிட்டது.

பணக்கணக்கில் ஒரே ஒரு விஷயம். குலெட் வழக்கமாகச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, ஒரு வாரத்துக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். வாடகைக்கு மேல் சாப்பாட்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்றோ, வாடகையில் 25, 30 சதவீதத்தை முன்கூட்டிச் செலவுக்கு என்றோ கேட்பார்கள். பினிசியை மூன்று நாலு நாளைக்கே பிடிக்கலாம், ஆனால் தேசியப் பூங்காக் கட்டணம் பெரும்பாலும் தனி. பங்கு பிரிக்கும்போது தலைக்கு இவ்வளவு என்று போட்டால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அநியாயம். அறைக்கு இவ்வளவு என்று போடுங்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று புள்ளிவரி கட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை.

அப்பத்தா மட்டும் ஆலப்புழைக் கெட்டுவள்ளம் (வீட்டுப்படகு) போதாதா என்றார். கயிற்றால் பலகை தைத்த அருமையான படகு, மறுக்கவில்லை. ஆனால் பாயே கிடையாது, மீனவர்கள் வலை போடுவதால் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் கட்டிப்போட்டுவிடுவார்கள், 14 பேருக்கு ஒரு ராத்திரிக்குமேல் தாங்காது. "உங்க ஐயா நாகப்பட்டினத்திலே ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனார், தளத்திலேதான் படுக்கை. நீங்க என்னடான்னா அறை அறைன்னு பறக்கிறீங்க" என்று சிரித்தார்.

அன்று இரவே முடிவாகிவிட்டது. செப்டம்பரில் குலெட், பிள்ளைகளுக்கு நாலு நாள் லீவு சொல்லிக்கொள்வது. ஏழு அறைக்கு ஆள் பிரித்து எழுதியும் ஆயிற்று. எஞ்சின் பக்கத்து அறைக்கு எதிரே மட்டும் இன்னும் பெயர் எழுதவில்லை. அண்ணன் தாளையே தொட மாட்டேன் என்கிறார்.