நெல்லைப் பக்கம் ஊருக்கு வருகிறவர்கள், மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவுமுன்

டிசம்பரில் நெல்லைக்கு வருகிறவர்கள் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த கையோடு பக்கத்துப் பிள்ளைகள் இல்லத்துக்கு பிரியாணியும் புதுத்துணியும் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த வாரம் எந்த இல்லத்திலும் சோற்றுக்குக் குறைவில்லை. கையைக் கடிப்பது ஜூன் மாதம்தான்: நோட்டு, சீருடை, கல்லூரிக் கட்டணம், வார்டன் சம்பளம் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும்.

இந்த மண்ணில் பெண்கல்விக்கு வேர் ஆழம். இந்தியாவுக்கே வராத இங்கிலாந்துப் பெண்மணி சாரா டக்கரின் பெயரால் பாளையங்கோட்டையில் எழுந்த நிறுவனத்தில் 1895-இல் கல்லூரி வந்தது. அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் டோனாவூரில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். அரசு உதவிபெறும் மிஷன் பள்ளி என்றால் பணத்துக்கு என்ன குறை என்று பலர் நினைக்கிறார்கள். அரசு கொடுப்பது அனுமதித்த பணியிடங்களுக்கான சம்பளம். விடுதிச் சோறு, காவலாள், அனுமதியில்லாத பணியிடத்து ஆசிரியை, ஒழுகும் கூரை எல்லாம் நிர்வாகத்தின் தலையில்.

பணம் கொடுக்குமுன் உங்கள் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்திய பாஸ்போர்ட் இருந்தால், வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை வங்கி வழியாகச் சாதாரணமாகவே அனுப்பலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. கார்டும் உள்ளவர் ஊரில் ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் பதிவுள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். அதுவும் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான். பாசத்தோடு வார்டன் கையில் திணிக்கும் பணக்கட்டு, இல்லத்தின் பதிவுக்கே ஆபத்தாக முடியலாம். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய தொகையை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே “திருமண்டலத்துக்கு (திருச்சபையின் வட்டார நிர்வாகத்துக்கு) அனுப்புகிறேன், அவர்கள் பிரித்துக் கொடுக்கட்டும்” என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது.

பிள்ளைகள் தங்கும் இல்லமென்றால் இளைஞர் நீதிச் சட்டப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை கோப்பில் இருக்க வேண்டும். ஒளிவு மறைவில்லாமல் நடத்துகிறவர்கள் கேட்டவுடன் காட்டுவார்கள். பிள்ளைகள் முகத்தைப் படமெடுத்துப் பகிராதீர்கள்; பராமரிப்பில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காட்டுவதை அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது.

காசைவிட நேரம் அதிகம் தேவைப்படும் வேலை ஒன்று உண்டு, பெயர்த் திருத்தம். பிறப்புச் சான்றிதழில் “செல்வி”, ஞானஸ்நானத்துக்குப் பின் பள்ளியில் “ஜெபசெல்வி”, ஆதாரில் “செல்வி எம்” என்று ஒரே பிள்ளை மூன்று பேராக இருப்பாள். கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு அரசு தரும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். பெயர் ஒட்டாவிட்டால் நின்றுபோகும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகுமுன் பள்ளிப் பதிவேட்டைச் சரிசெய்ய வேண்டும், மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிறகு அலைச்சல் பல மடங்கு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். எந்தப் பெயர் நிலைக்கப்போகிறது என்று முதலில் தாயிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

நல்ல மனதோடு பிள்ளையை உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து எடுத்து ஆங்கிலவழி மெட்ரிக் பள்ளியில் சேர்ப்பவர்களும் உண்டு. புதுமைப்பெண் உதவி 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவளுக்குத்தான். நடுவில் மாற்றினால் அது போய்விடும். அரசுப் பள்ளியிலிருந்து மாற்றினால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் சேர்ந்து போகும்.

பெண்களுக்குத் தையல் மெஷின் வாங்கித் தருகிறவர்கள் பெரும்பாலும் மெஷினோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓவர்லாக் இல்லாமல் தைத்த சீருடையில் ஓரம் பிரிந்துவரும். பள்ளி ஆர்டர் திரும்பி வந்துவிடும். பத்துப் பேருக்கு எட்டு சாதா மெஷின், ஒரு ஓவர்லாக், காஜா எடுக்க ஒன்று என்று வாங்கிக் கொடுங்கள். பெல்ட், பாபின், ஊசி உதிரியாக ஒரு டப்பா நிறைய இருக்கட்டும். பத்து ரூபாய் ஊசி முறிந்ததால் ஒரு வாரமாக உறை போட்டு மூடிக்கிடக்கும் மெஷினை இந்தப் பக்கத்துத் தையல் கூடங்களில் இப்போதும் பார்க்கலாம்.