பௌரல் பிராட்மன் அருங்காட்சியகம்: தொட்டிச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

சிட்னியிலிருந்து தென்மேற்கே, ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள பௌரல் என்ற சிற்றூரில், ஆஸ்திரேலியக் கிரிக்கெட் மட்டையாளர் டொனால்ட் பிராட்மன் இளமையில் ஆடிய மைதானத்தை ஒட்டியே இந்த அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. ஆனால் நேராக அங்கே போய்விடாமல், முதலில் ஷெப்பர்ட் தெருவில் 52ஆம் எண் வீட்டை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்வேன். அந்த வீட்டின் பின்புறத்தில்தான், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய வட்டமான செங்கல் சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தெரியாத நிலையில், ஒற்றை ஸ்டம்பால் அடித்து அடித்துச் சிறுவன் பிராட்மன் தனியாகப் பழகினார். பயிற்சியாளர் எவரும் உடனில்லை.

அந்தச் சுவரை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், எண்கள் வெறும் எண்களாகத் தெரிவதில்லை. 1930இல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடரில் லீட்ஸில் எடுத்த 334 ரன்களில் 309 ஒரே நாளில் வந்தவை; அத்தொடரில் அவர் குவித்த 974 ரன்களை வேறெவரும் ஒரு டெஸ்ட் தொடரில் இன்றுவரை தாண்டவில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது 1932–33இன் 'பாடிலைன்' தொடரின் கதை. இங்கிலாந்து அணித் தலைவர் ஜார்டின் வகுத்த திட்டப்படி வேகப்பந்து வீச்சாளர் லார்வுட் மட்டையாளரின் உடலைக் குறிவைத்து வீச, லெக் பக்கம் (மட்டையாளரின் கால் பக்கம்) ஆட்களை நெருக்கமாக நிறுத்திய அந்தத் தொடரில் பிராட்மனின் சராசரி 56.57. மற்றவர்களுக்குப் பெருமை சேர்த்திருக்கும் இந்த எண் அவருக்கு மட்டும் சரிவாகக் கருதப்பட்டதே, அவருடைய உயரத்துக்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று. 1948இல் லண்டன் ஓவல் மைதானத்தில், தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் நான்கு ரன்கள் எடுத்திருந்தால் நூறாகியிருக்கும் அவருடைய மொத்த டெஸ்ட் சராசரி, இங்கிலாந்தின் சுழற்பந்து வீச்சாளர் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் 99.94 என நின்றுபோன கதை எல்லோரும் அறிந்ததே.

பிற நாட்டு ஆட்டக்காரர்களையும் போற்றும் சர்வதேசக் கிரிக்கெட் புகழ் மன்றமும் இங்கேயே இருப்பதால், அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். வெளியே வந்ததும் மைதானத்தின் வெள்ளை வேலியோரம் சற்றே அமருங்கள். பிராட்மன், அவர் மனைவி ஜெஸ்ஸி இருவரின் அஸ்தியும் இந்த ஊரில்தான் தூவப்பட்டது.