பின்சக்கரத்தில் கரகரப்பு: 20 மாதம் தேடிய ஒரு சத்தம்

என்னுடையது 2014 மாடல் டீசல் செடான். 2019-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகட்டை (டிஸ்க்) உள்ளும் புறமும் பேட் என்ற இரண்டு உராய்வுக் கட்டைகள் கவ்வி நிறுத்தும் வகை. 2022 அக்டோபர் மழையில் இடது பின்சக்கரத்தில் தொடங்கிய கரகர சத்தம் 2024 ஜூனில்தான் முழுசாக அடங்கியது. அதற்குள் மூன்று தடவை பேட் மாற்றியாகிவிட்டது. கடைசி வேலை முடிந்து 18 மாதம், 16,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, சத்தம் திரும்பவில்லை. இவ்வளவு நாள் பொறுத்து எழுதக் காரணம் உண்டு. ஒவ்வொரு தடவை பேட் மாற்றியதும் முதல் ஒரு மாதம் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது.

வண்டியின் பெயரை எழுதவில்லை. இதே அமைப்பு பல கம்பெனி வண்டிகளில் இருக்கிறது, குறை கம்பெனியுடையதும் அல்ல.

எங்கள் வீடு மதுரையில் ஊமச்சிகுளம் பக்கம். வாரநாளில் நான் பைக்கில்தான் போவேன். கார் வாசலில் ஹேண்ட் பிரேக் போட்டபடி நிற்கும். சனி, ஞாயிறில் அம்மாவைப் பார்க்க உசிலம்பட்டி, எப்போதாவது சிறுமலை அல்லது கொடைக்கானல். இந்த வழக்கத்தை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், கடைசியில் காரணம் இதில்தான் இருந்தது.

முதலில் கேட்டது பிரேக் மிதிக்கும்போது மட்டும் வரும் ஒரு கீறல். தகரத்தை ஆணியால் இழுப்பது மாதிரி. கொஞ்ச நாளில் இன்னொன்றும் சேர்ந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, உளுந்து போடாத ஆட்டுக்கல்லில் வெறும் குழவி சுற்றுகிற சத்தம். இரண்டையும் ஒரே சத்தமாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். என்னிடம் வேலை பார்த்த எல்லோரும் அப்படித்தான் எண்ணினார்கள். 20 மாதம் போனதே அதனால்தான்.

2022 நவம்பரில் வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். சக்கரத்தைக் கழற்றியதும், "பேட் தீந்துபோச்சு சார், இரும்பே உரசுது" என்றார். உண்மைதான். ஆனால் தீர்ந்துபோனது உள்பக்க பேட் மட்டும். வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருந்தது. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு அந்த இரண்டு பேட்டும் கிடைத்தால் முதலில் அந்த வித்தியாசத்தைத்தான் அளப்பேன்.

அது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பேட்களைப் பிடித்து டிஸ்க் மேல் அமுக்கும் கவ்விதான் காலிப்பர். பெரும்பாலான கார்களில் பின்சக்கரக் காலிப்பரின் பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பிரேக்கை மிதித்தால் அது உள்பேடை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுக்க இரண்டு பின்கள் (pin, வழுக்குக் கம்பி) மேல் வழுக்கி வந்து வெளிபேடையும் இழுத்து அமுக்கும். காலை எடுத்ததும் எல்லாம் விலக வேண்டும். விலக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தன் நிலைக்குத் திரும்பும் இழுப்பில் மயிரிழை அளவு பின்வாங்கும், அவ்வளவுதான். அந்தப் பின் துருப்பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள்பேட் மட்டும் வேலை செய்யும், காலை எடுத்த பிறகும் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு பேட் தேய்ந்து இன்னொன்று அப்படியே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பின்னை, அடுத்து பிஸ்டனை. புது பேட் போடுவது அதற்குப் பிறகுதான்.

நாங்கள் புது பேட் போட்டோம். ஆறே மாதத்தில் கீறல் திரும்பியது. இந்தத் தடவை, 2023 மே மாதம், ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மறுபடியும் பேட் மாற்றினார்கள். பின்னுக்கு கிரீஸ் வைத்ததாக பில்லிலேயே எழுதியிருந்தது, நிம்மதியாக இருந்தது. அந்த கிரீஸ்தான் அடுத்த கெடுதலைச் செய்தது என்பது பிறகு தெரிந்தது. வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது, ரப்பரை ஊதவைக்கும். என் காலிப்பரில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் புஷ் உண்டு. அது ஊதிப்போய் துளைக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிட்டது. இங்கே வைக்க வேண்டியது பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ். கடையில் கேட்டு வாங்கி நீங்களே கையில் கொடுத்துவிடுங்கள்.

செப்டம்பரில் வேறொருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வீல் பேரிங் என்றார். அதை நான் ஏற்கவில்லை. பேரிங் போனால் வரும் உறுமல் வேகம் ஏற ஏற ஏறும். வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது கூடும் அல்லது குறையும். பிரேக் பெடலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இருக்காது. என் வண்டியில் 80-ல் போகும்போது உறுமலே இல்லை, 15-ல் போகும்போதுதான் கரகரப்பு.

அந்த மாதம்தான் ஒரு வெப்பமானித் துப்பாக்கி வாங்கினேன். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய வெப்பமானி இதற்கு உதவாது, அது காய்ச்சலை அளக்கும் எல்லையோடு நின்றுவிடும். இது 380 டிகிரி வரை காட்டும் தொழிற்சாலை வகை. உசிலம்பட்டி போய் இறங்கியதும் இரண்டு பின் டிஸ்க்கிலும் காட்டினேன். வலது 76, இடது 148. 40 கிலோமீட்டர் தூரமும் இடது பக்கம் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. சந்தேகமாக இருந்த விஷயம் அன்றைக்கு எண்ணாகக் கண்முன் நின்றது. கருவி இல்லாதவர்கள் வண்டியை நிறுத்தியதும் இரண்டு பக்க அலாய் சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

2024 ஜனவரியில் உசிலம்பட்டியில் லாரி வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பேட் கதை, டிகிரிக் கணக்கு எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"இதுவரைக்கும் யாராச்சும் அந்தப் பின்ன கையால இழுத்துப் பாத்தாங்களா தம்பி?"

யாரும் பார்க்கவில்லை. காலிப்பரை அவிழ்த்துத் தொங்கவிடாமல் ஒரு கம்பியில் மாட்டிக் கட்டினார். எடையைப் பிரேக் ஹோஸ் தாங்கக் கூடாது. கீழ்ப் பின் விரலால் தள்ளினால் போய் வந்தது. மேல் பின் அசையவே இல்லை. ஸ்பேனர் போட்டுத் திருகித் திருகித்தான் வெளியே வந்தது. பின் கிட், ரப்பர் பூட், பேட் உட்காரும் கிளிப் எல்லாம் புதிது. பேடின் இரண்டு காதும் உட்காரும் இடத்தில் துரு தட்டியிருந்தது, அரத்தால் தேய்த்து எடுத்தார். டிஸ்க்கின் கனத்தை வெர்னியரில் அளந்தோம், 8.6 மில்லிமீட்டர். குறைந்தபட்சம் 8.4 என்று டிஸ்க்கிலேயே பொறித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டோம். பேட் மூன்றாவது தடவையாக மாறியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கும். புது பேட் போடும்போது அந்த பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து நேராக அமுக்கவே கூடாது, அதற்கான கருவியால் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அமுக்கினால் உள்ளிருக்கும் திருகமைப்பு கெட்டு காலிப்பரே போய்விடும்.

தகரக் கீறல் அன்றோடு ஒழிந்தது. டிகிரிக் கணக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. ஆனால் ஆட்டுக்கல் சத்தம் அப்படியே இருந்தது. மனசு விட்டுப்போனது. பிறகுதான் உறைத்தது, இது வேறு சத்தம்.

அதைத் தனியாகப் பிடிக்க மைத்துனனைக் கூட்டிக்கொண்டேன். ஞாயிறு விடியற்காலையில் நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் அவன் ஓட்ட, நான் இடது பின்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். 2023 ஏப்ரலில் திறந்த இந்தப் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், வழி நெடுக இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். வெட்டவெளியில் காதுக்கு எட்டாத சத்தத்தைச் சுவர் திருப்பிக் கொடுக்கும். நியூட்ரலில் விட்டும் சத்தம் இருந்தது, ஆகவே இன்ஜினோ கியர்பாக்ஸோ அல்ல. பிரேக்கை லேசாக மிதித்தபோதும் அதே சத்தம், ஆகவே பேட் அல்ல. "மாமா, எதை மிதிச்சாலும் மாறமாட்டேங்குதே" என்றான். மிதிக்காமல் இழுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

அதைப் பாலத்தில் செய்யவில்லை, ஊரில் காலி மைதானத்தில் செய்தோம். நேராக, 15 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே ஒரு கிளிக், இரண்டு கிளிக் அளவுக்கு மெல்ல இழுக்கச் சொன்னேன். பட்டனை விட்டால் பூட்டிக்கொள்ளும், ஈரத் தரையில் சக்கரம் வழுக்கும், ரோட்டில் இதை முயல வேண்டாம். முதல் கிளிக்கில் கரகரப்பு தடித்தது. இரண்டாவதில் நின்றேவிட்டது. லீவரை விட்டதும் திரும்ப வந்தது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அதேதான்.

அண்ணனிடம் சொன்னதும், "அப்ப சத்தம் டிஸ்க்குல இல்ல தம்பி, டிஸ்க்குக்குள்ள இருக்கு" என்றார்.

இந்த வண்டியில் பின் டிஸ்க்கின் நடுவிலுள்ள தொப்பிப் பகுதியே ஒரு சின்ன டிரம். அதற்குள் விரிந்து சுவரை அழுத்தும் இரண்டு வளைந்த துண்டுகள் (ஷூ), அவைதான் ஹேண்ட் பிரேக். கால் பிரேக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெளியிலிருந்து பார்த்தால் டிஸ்க் மட்டும்தான் தெரியும். நம் ரோட்டில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலும் பின்னால் டிரம் பிரேக்தான், ஆகவே டிஸ்க்குக்குள் ஒரு டிரம் இருக்கும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. நான் குறை சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

டிஸ்க்கைக் கழற்றுவது லேசாக இல்லை. முதலில் ரப்பர் மூடியை எடுத்து, துளை வழியாக ஸ்க்ரூ டிரைவர் விட்டு, ஷூவைத் தளர்த்தும் பல்சக்கரத்தைத் திருப்பினார். அப்படியும் வரவில்லை. டிஸ்க்கின் முகத்திலேயே மரையோடு இரண்டு துளைகள் உண்டு. இரண்டிலும் போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்கியதும் டக்கென்று விலகியது. சுத்தியலால் அடித்திருந்தால் பேரிங்குக்கும் சேதம் வந்திருக்கும்.

உள்ளே கறுப்பும் சிவப்புமாகப் பொடி. அதற்கு நடுவில் விரல் நீளத்தில் உடைந்து கிடந்த லைனிங் (ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) துண்டுகள் மூன்று. இந்த லைனிங்கை ரிவெட் அடித்துப் பிடிப்பதில்லை, பசையால் ஒட்டியிருப்பார்கள். ஷூவின் இரும்பில் துரு ஏறினால் அது லைனிங்கை அடியிலிருந்து நெம்பிக் கிளப்பிவிடும். கிளம்பிய துண்டு டிரம்முக்குள் உருண்டு அரைத்துக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ஷூ விரிந்து துண்டை நசுக்கிப் பிடிக்கும், அதனால் சத்தம் நிற்கும். மழைத்தண்ணீரில் வந்து, ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு, வாரம் முழுக்க அசைக்காமல் நிறுத்திய என் பழக்கத்தில்தான் அந்தத் துரு வளர்ந்தது. இடது கேபிளும் உள்ளே துருப்பிடித்து, விட்டாலும் முழுசாகத் திரும்பாமல் இருந்தது.

கடையில் ஒரு பையன் கம்ப்ரசர் காற்றை எடுத்துக்கொண்டு வந்தான். தடுத்துவிட்டேன். பிரேக் பொடி நுரையீரலுக்குப் போகக் கூடாதது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடைத்தோம். தினமும் இதே வேலை பார்க்கிறவர்கள் அவர்கள்தான். நம் வண்டிக்காவது இதை நாம் சொல்ல வேண்டும்.

டிரம் பகுதி உள்ளே கீறிப்போயிருந்தது, டிஸ்க்கும் கடைசிக் கனத்தை எட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் டிஸ்க் மாற்றினோம், ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. டிஸ்க் ஜோடி 5,600, ஷூ செட் 1,400, கேபிள் 900, லேபர் 1,800 ரூபாய். ஐந்து மாதப் பேடை உப்புத்தாளில் தேய்த்து அதையே போட்டோம்.

இந்த 18 மாதத்தில் பார்த்தவை. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவும் இரண்டாம் கியரில் இறங்கி, அடிவாரத்தில் அளந்தால் இடது 118, வலது 112. மழைக்கு மறுநாள் காலையில் முதல் மூன்று நான்கு பிரேக்குக்கு லேசாகக் கரகரக்கும், அது டிஸ்க் மேல் படியும் துரு, தானாகப் போய்விடும். 2025 ஆகஸ்டில் மேலூர் பக்கம் ஜல்லி சிந்திக் கிடந்த ரோட்டில் திடீரென்று காதைப் பிளக்கும் கிறீச்சல், எதை மிதித்தாலும் இழுத்தாலும் மாறவில்லை. நெஞ்சு திக்கென்றது. டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் கல் மாட்டியிருந்தது. ஓரங்கட்டி நாலடி பின்னால் எடுத்ததும் விழுந்துவிட்டது. பேட் போன மாதம் அளந்தபோது இடது பக்கம் உள்ளே 6.5, வெளியே 6.8 மில்லிமீட்டர். இந்த வண்டியில் இவ்வளவு நெருங்கிய இரண்டு எண்ணை நான் பார்த்ததே இல்லை.

வாசல் சமதளம் என்பதால் இப்போது ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்கிறேன். மழையில் வந்தால் தெருமுனையில் ஆள் இல்லாதபோது, ஊர்ந்துகொண்டே லீவரை லேசாக இழுத்து உள்ளிருக்கும் ஷூவைக் காயவிடுகிறேன். காலிப்பர் பின் வழுக்குகிறதா என்று 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அண்ணனிடமே காட்டுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. வேலை முடிந்தபோது 6 கிளிக்கில் பிடித்த ஹேண்ட் பிரேக் இப்போது 8-ல் பிடிக்கிறது. புது ஷூ படிந்து அமர்ந்ததுதான் காரணமா, கேபிள் இளகியதா என்று பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ரப்பர் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.