எம்எக்ஸ்-5 பாப்-அப்பில் எல்இடி ஹெட்லைட்: வெளிச்சம் பிரமாதம், ஆட்டம் தாங்கவில்லை

7 அங்குல எல்இடி ஹெட்லைட் ஜோடியின் விலை ஐம்பது பவுண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பொத்தானை அழுத்தினால் ஹெட்லைட் மூடியோடு சேர்ந்து மேலே எழும் (பாப்-அப்) முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, பழைய எச்4 கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதை மாட்டிடலாமா?" எச்4 என்பது ஹாலஜன் பல்பு வகை; அந்தப் பல்பு உட்காரும் கண்ணாடி விளக்கைத்தான் எச்4 கண்ணாடி என்கிறார்கள். இங்கிலாந்துச் சாலைகளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிய பிறகு எழுதுகிறேன். 1989 முதல் 1997 வரை வந்த என்ஏ மாடலைப் பற்றித்தான் பேச்சு. ஜப்பானில் அதே காருக்கு வைத்த பெயரான யூனோஸ் ரோட்ஸ்டராக இங்கே இறக்குமதியாகி வந்ததற்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் பிரமாதம். தெருவிளக்கே இல்லாத கிராமத்துச் சந்தில் இடதுபக்க வேலியின் அடி, ஓரத்துச் சாக்கடை, வளைவுக்குள் நிற்கும் சைக்கிள்காரர் எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது. எச்4 பல்பு டிம்மில் 55 வாட், பிரைட்டில் 60 வாட் இழுக்கும். எல்இடி அதில் பாதி அளவில் இதைச் செய்துவிடுகிறது. முப்பது வயதான ஸ்விட்சுக்கும் பழைய வயருக்கும் அது பெரிய நிம்மதி. டிம்மின் மேல்விளிம்பு கத்தியால் கீறினது போல நேராக விழுகிறது.

அந்த விளிம்புதான் பிரச்சினையும்.

சாலையில் ஒட்டுப் போட்ட தார் வந்ததும் அந்தக் கோடு நடுங்கத் தொடங்குகிறது. முன்னால் போகும் வண்டியின் பின்கண்ணாடியில் வெளிச்சம் ஏறி ஏறி இறங்குகிறது. எதிரே வருபவர் நாம் ஏதோ சைகை செய்கிறோம் என்று நினைத்துத் திரும்ப பிரைட் அடிக்கிறார். ஒரு மணி நேரம் இப்படி ஓட்டினால் கண் களைத்துப்போகிறது. பழைய எச்4-லும் இதே ஆட்டம் இருந்தது. அதன் விளிம்பு மங்கலாகக் கரைவதால் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். அசையாத சட்டத்தில் உட்காரும் ஜீப்புக்காகச் செய்த விளக்கைத் தூக்கி, ஒரு மூடியோடு சேர்ந்து எழும் கூட்டில் வைத்தால் வேறு என்ன ஆகும்?

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மோட்டார் அச்சில் ஒரு சின்ன கிராங்க், அதிலிருந்து ஒரு லிங்க் ராடு, அந்த ராடு மூடியின் சட்டத்தைத் தள்ளி நிமிர்த்துகிறது. மோட்டார் அரைச்சுற்று சுற்றினால் மேலே, அடுத்த அரைச்சுற்றில் கீழே. மேலே போனதும் கிராங்கும் ராடும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வந்து நிற்பதால்தான் காற்று அழுத்தினாலும் மூடி இறங்குவதில்லை. இந்த அமைப்பில் மூட்டுகளின் ஆட்டம் முழுவதும் நேராக விளக்குக்குப் போய்ச் சேரும். கணக்கு எளிது: மூடி சுழலும் அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள மூட்டில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் அது 1 சதவீதச் சாய்வு. 20 மீட்டருக்கு அப்பால் விளிம்பு 20 செ.மீ. ஏறி இறங்கும். இங்கிலாந்தில் ஆண்டுதோறும் வண்டிக்குச் செய்யும் எம்ஓடி தகுதிச் சோதனையில் இந்த உயரத்து விளக்குக்கு அனுமதிக்கும் மொத்த இடைவெளியே கிடைக்கோட்டுக்குக் கீழே 0.5 முதல் 2 சதவீதம் வரைதான்.

அதனால் விளக்கு வாங்குவதற்கு முன்னால் மூடியைச் சோதியுங்கள். டேஷ்போர்டு நடுவில் இருக்கும் ரிட்ராக்டர் பொத்தானை அழுத்தி மூடிகளைத் தூக்கிக்கொண்டு, உடனே ரிட்ராக்டர் ஃபியூஸை உருவிவிடுங்கள். உள்ளே கை இருக்கும்போது மோட்டார் ஓடினால் விரல் போய்விடும், இதில் அலட்சியம் கூடவே கூடாது. பிறகு மூடியின் முன்விளிம்பைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே, இன்னொரு கையின் விரல்நுனியை ஒவ்வொரு மூட்டிலும் வையுங்கள். எந்த மூட்டில் 'டக் டக்' என்று தட்டுகிறதோ அதுதான் தேய்ந்தது. பெரும்பாலும் லிங்க் ராடின் மூட்டுக்குள் இருக்கும் சிறு உருளை உறையான புஷ்தான் போயிருக்கும். பித்தளையிலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ கடைந்த மாற்றுப் புஷ் கிடைக்கிறது. போட்டதும் பாதிக்கு மேல் ஆட்டம் அடங்கிவிடும். கிரீஸ் தடவாமல் மாட்டினால் சீக்கிரம் கிறீச்சிடும்.

அடுத்தது மூடி மேலே போய் முட்டும் ஸ்டாப்பர் ரப்பர். அது காய்ந்து சுருங்கியிருந்தால் சட்டம் எதிலும் அழுந்தாமல் அந்தரத்தில் நிற்கும். மூடி மேலே நிற்கும்போது ரப்பர் லேசாக நசுங்கியிருக்க வேண்டும். ரொம்ப நசுங்கினால் மோட்டார் முக்கும், அரைச்சுற்று முடியாமல் நின்றுவிடும்.

மூன்றாவது இடத்தை யாரும் பார்ப்பதில்லை. விளக்கைத் தாங்கும் கிண்ணம் இரண்டு அட்ஜஸ்ட் ஸ்க்ரூவிலும் ஒரு ஸ்பிரிங்கிலும் தொங்குகிறது. அந்த ஸ்க்ரூக்கள் நைலான் நட்டுக்குள் ஏறுகின்றன, வயதானால் நைலான் விரிந்துபோகும். ஸ்பிரிங்கும் கண்ணாடி விளக்கின் எடைக்குக் கணக்கிட்டது. எல்இடி யூனிட்டின் பின்பக்கம் சூட்டைக் கடத்துவதற்காக வார்த்த அலுமினியம். எடை கூடுதல், அந்த எடையும் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு கிண்ணமே துள்ளும். லிங்க் புஷ் அத்தனையும் புதிதாகப் போட்ட பிறகும் மிச்சமிருக்கும் நடுக்கம் இங்கிருந்துதான் வருகிறது. புது நைலான் நட்டும் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கும் போட்டால் குறையும். முழுதாகப் போகாது. என் கோபமெல்லாம் இந்த மிச்சத்தின் மேல்தான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: பிளாஸ்டிக் சுற்றுச்சட்டத்தை எடுத்ததும் விளக்கைச் சுற்றி உலோக வளையம் தெரியும். அந்த வளையத்தின் சின்ன ஸ்க்ரூக்களை மட்டும் கழற்றுங்கள். துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை வளையத்து ஸ்க்ரூ என்று திருகினால் பீம் மொத்தமும் தவறிவிடும். எல்இடி யூனிட் உட்கார்ந்ததும் மோட்டாரின் கைத்திருகியை விரலால் திருகி மூடியை மெதுவாக முழுக்க இறக்கிப் பாருங்கள். யூனிட்டின் பின்பக்கமோ அதன் வால் வயரோ காரின் உடம்பில் இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். நேரே பொத்தானை அழுத்திச் சோதித்தால், இடித்த வேகத்தில் ஏதாவது ஒன்று உடையும்.

வயர் இன்னொரு தலைவலி. ஒவ்வொரு தடவை மூடி எழும்போதும் வயர் மடங்கி விரிகிறது. எல்இடி கூட வரும் எச்4 அடாப்டர் வயர் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். அதை இழுத்து மாட்டினால் மடங்கும் இடத்தில் உள்ளே செம்பு அறுந்துவிடும், வெளியே உறை நன்றாகவே இருக்கும். விளக்கு மேலே நிற்கும்போது எரிந்து, குலுங்கும்போது அணைந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். மூடி சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு தளர்வான வளைவு விட்டு, அதன் இரண்டு பக்கமும் கட்டிவிடுங்கள். எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் பெட்டி தனியாக இருந்தால் அது காரின் அசையாத உடம்பில் இருக்க வேண்டும், மூடியில் ஒட்டக் கூடாது.

பல பழைய ஜப்பானியக் கார்களில் ஹெட்லைட்டுக்கு பாசிட்டிவ் நேரடியாக வந்து, டிம்மும் பிரைட்டும் எர்த் (நெகட்டிவ்) பக்கத்தில் மாறும். எல்இடி யூனிட் இந்த முறைக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் எரியாது, அல்லது இரண்டும் சேர்ந்து மங்கலாக எரியும். அடாப்டர் வாங்குவதற்கு முன் சாக்கெட்டின் மூன்று முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி எச்4 பக்கத்துக்கு வருகிறேன். இந்தக் காரில் வெளிச்சம் மங்கலாக இருப்பதற்கு முக்கால் பங்கு காரணம் வோல்ட்டேஜ்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, விளக்கு எரிந்துகொண்டிருக்க, பேட்டரியிலும் பல்பு சாக்கெட்டிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 வோல்ட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஹாலஜன் பல்புக்கு 10 சதவீதம் வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். எல்இடி மாட்டியவர்கள் ஒப்பிடுவது இப்படிப் பட்டினி கிடந்த எச்4-ஐத்தான்.

மருந்து ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்ஸ்விட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, 30 ஆம்பியர் போதும். பழைய ஹெட்லைட் வயர் ரிலேயின் 85, 86 முனைகளுக்கு. 30 எண் முனைக்குப் புது மின்சாரம், 87 எண் முனையிலிருந்து விளக்குக்கு. இரண்டு விளக்கும் சேர்ந்து பிரைட்டில் சுமார் 10 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனாலும் 2.5 சதுர மி.மீ.க்குக் குறைந்த வயர் வேண்டாம். எர்த் வயரையும் அதே தடிமனில் புதிதாகக் காரின் உடம்புக்கு இறக்குங்கள். பாசிட்டிவை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய எர்த்தை விட்டுவைத்தால் பாதிப் பலன்தான். கடையில் விற்கும் ரெடிமேட் ரிலே செட் பேட்டரி முன்னால் இருக்கும் என்று நினைத்துச் செய்தது. என்ஏ-வுக்கு பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதனால் எஞ்சின் அறையின் மெயின் ஃபியூஸ் பெட்டிக்கு வரும் தடித்த கேபிளிலிருந்து மின்சாரம் எடுத்து, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும்.

இதோடு சாலை ஒப்புதலைக் காட்டும் ஈ (E) முத்திரை உள்ள நல்ல எச்4 கண்ணாடி. ஹெல்லா, சிபியே, கொய்டோ, எந்தக் கம்பெனியானாலும் சரி. கண்ணாடியில் அம்புக்குறி பாருங்கள். இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கில், எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு இருக்கும். அம்பே இல்லாவிட்டால் அது வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் மலிவு எல்இடிகளில் இதே தவறுதான் நடக்கிறது, பீம் நேராக எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறுகிறது. எத்தனை அட்ஜஸ்ட் செய்தாலும் அது சரியாகாது.

ஹாலஜன் கண்ணாடிக்குள் எல்இடி பல்பை மட்டும் செருகுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1986 ஏப்ரல் 1 முதல் சாலைக்கு வந்த கார் அப்படி இருந்தால் எம்ஓடியில் தோல்வி. என்ஏ எல்லாமே அதற்குப் பிந்தியவை. 100 வாட் பல்பும் சாலைக்கு ஆகாது. ரிலே இல்லாமல் போட்டால் ஸ்விட்ச் கருகும்.

தூங்குமூஞ்சிக் கண் என்று மூடியைப் பாதி திறந்து வைக்கும் கிட் பார்க்க அழகு. நிறுத்திய காரில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு மூடியோடு சேர்ந்து சாய்வதால், பாதி திறந்தால் வெளிச்சம் பம்பருக்கு முன்னால் தரையில் விழும். பகல் நேர வளைய விளக்கு வைத்த எல்இடிக்கு அதிகப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. பகலில் மூடி இறங்கியிருப்பதுதானே இந்தக் காரின் முகம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் முடிவு: இந்தக் காருக்கு எல்இடி வாங்காதீர்கள். வெளிச்சத்தில் எச்4 தோற்கிறது, சந்தேகமே இல்லை. ஆனாலும் மழை இரவில் மேடுபள்ளச் சாலையில் கண்ணுக்கு அமைதியாகத் தெரியும் பீம் எனக்கு வேண்டும். ரிலே போட்ட எச்4 அதைத் தருகிறது, ஐம்பது பவுண்டு எல்இடி தரவில்லை.

ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள் புஷ், ஸ்டாப்பர், நைலான் நட்டு, ஸ்பிரிங் என்ற வரிசையில் முடித்துவிட்டு மாட்டுங்கள். பிறகு சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டரில் காரை நிறுத்தி, டிம் விளிம்பு விழும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். விளக்கின் மைய உயரத்துக்கு 5 முதல் 6 செ.மீ. கீழே இருக்கட்டும். பத்துத் தடவை மூடியை ஏற்றி இறக்குங்கள். விளிம்பு ஒவ்வொரு தடவையும் டேப்பிலிருந்து 1 செ.மீ.க்குள் வந்து நின்றால் ஓட்டலாம். அதைவிட விலகினால் மறுபடியும் லிங்க் மூட்டில் விரலை வைத்துப் பாருங்கள்.