நம்பர் 4 (டி), எம்1903ஏ4, மோசின் பியூ: அசல் எது, ஒட்டுவேலை எது?

இரண்டாம் உலகப்போர்க் கால ஸ்னைப்பர் துப்பாக்கிகளில், சேகரிப்பாளர் கைக்கு எட்டும்படி இன்றும் சந்தையில் கிடைப்பவை முக்கியமாக மூன்று: பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 (டி), அமெரிக்காவின் எம்1903ஏ4, சோவியத் மோசின்-நாகாண்ட் 91/30 பியூ. ஜெர்மன் கே98கே நான்காவது. அதைப் பற்றி பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றுமே சாதாரண காலாட்படைத் துப்பாக்கியின் மேல் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஏற்றப்பட்டவைதான். சாதாரணத் துப்பாக்கியின் விலைக்கும் ஸ்னைப்பரின் விலைக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம். அதனால் நாலு துளை போட்டு, ஒரு மவுன்ட்டை (ஸ்கோப்பைப் பிடிக்கும் தாங்கியை) மாட்டி, 'அசல்' என்று விற்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது: ஆயுதத் தொழிற்சாலை செய்த மாற்றம் இரும்பிலும் மரத்திலும் எவ்வளவு தடயம் விட்டிருக்கிறது, அதில் எவ்வளவு பின்னால் செய்ய முடியாதது? இந்த அளவுகோலில் பார்த்தால் மூன்றும் ஒன்றல்ல.

துப்பாக்கியில் பொறித்த எண்ணிலிருந்தே தொடங்கலாம். இங்கே எம்1903ஏ4-க்குத்தான் முதலிடம். இது முழுக்க ரெமிங்டன் நிறுவனம் 1943, 1944 ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஆலையில் செய்தது. மொத்தம் சுமார் 28,365. தொடக்கத்திலிருந்தே ஸ்னைப்பராகவே செய்யப்பட்டதால் தனி எண் வரிசைகள் ஒதுக்கப்பட்டன: 3407088 முதல் 3427087 வரை ஒரு தொகுதி, 4992001 முதல் 4997045 வரை இன்னொன்று, 'இசட்' எழுத்தோடு 4000000 முதல் 4002920 வரை கடைசி. எண் இந்த வரம்புக்கு வெளியே இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எண் சரியாக இருந்தால் அடுத்தது அது பொறிக்கப்பட்ட இடம். சாதாரண 03ஏ3 துப்பாக்கியில் நிறுவனப் பெயர், மாடல், எண் எல்லாம் ரிசீவர் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் இரும்பு உடல்) வளையத்தின் உச்சியில் நடுவாக, ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஏ4-இல் உச்சியை ரெட்ஃபீல்டு மவுன்ட் மறைத்துவிடும். எனவே பெயரும் மாடலும் இடப்பக்கம், எண் வலப்பக்கம் என்று பிரித்துப் பொறித்தார்கள். மவுன்ட்டைக் கழற்றாமலே படிக்கலாம். மாடல் பெயர் '03-ஏ3' என்றுதான் இருக்கும், 'ஏ4' என்று இருக்காது. 'ஏ4' என்று பொறித்ததைப் பெருமையாகக் காட்டும் விற்பனையாளரிடம் இருப்பது பிற்காலப் பிரதி. மவுன்ட்டுக்கு அடியில் எழுத்துகளின் பாதி ஒளிந்திருந்தால், அது ஏ3-இல் துளை போட்டுச் செய்தது. பழைய பொறிப்பைத் தேய்த்து அழித்து, பக்கவாட்டில் புதிதாக அடித்தவையும் உண்டு. டார்ச் ஒளியை ரிசீவரின் மேல் கிட்டத்தட்டப் படுக்கையாக விட்டுப் பாருங்கள். தேய்த்த இடத்தில் வளைவு தட்டையாகி, ஒளி ஒரே சீராக வழுக்காமல் உடையும்.

ஏ4-இல் முன்குறி கிடையாது. பேரலின் வாய்க்கருகே ரெமிங்டனைக் குறிக்கும் 'ஆர்ஏ', வெடிகுண்டு வடிவ முத்திரை, மாதம், ஆண்டு இருக்கும். பேரலின் தேதி ரிசீவர் எண்ணின் காலத்துக்குச் சற்று முன்போ ஒட்டியோ இருப்பது நல்லது. வேறு நிறுவனப் பேரல் இருந்தால் போலி என்று அர்த்தமில்லை. படையே பழுதுபார்த்து மாற்றியிருக்கலாம். விலையில் மட்டும் கழியுங்கள்.

ஆனால் ஏ4-க்கு ஒரு பெரிய குறை: ஸ்கோப்பையும் துப்பாக்கியையும் இணைக்கும் எண் எதுவுமே கிடையாது. அப்போது பொருத்தியது வீவர் 330சி, படைப்பெயர் எம்73பி1. முக்கால் அங்குலக் குழாய், பெயரளவில் இரண்டரை மடங்கு பெரிதாக்கும். கடையில் விற்ற அதே ஸ்கோப்தான். ஆகவே 'இந்த ஸ்கோப் இந்தத் துப்பாக்கியோடுதான் போருக்குப் போனது' என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அதற்குத் தனி விலை கேட்டால் கொடுக்காதீர்கள். லைமன் அலாஸ்கன் ஸ்கோப்பை மாட்டி 'போர்க்கால ஒரிஜினல்' என்பதும் நம்பத்தக்கதல்ல. படை அதை விரும்பியது உண்மை, தேவையான எண்ணிக்கையில் அது கிடைக்கவில்லை.

நம்பர் 4 (டி) இதற்கு நேர்மாறு. எண் வரிசை உதவாது. பிஎஸ்ஏ ஷெர்லி, மால்ட்பி, ஸ்டீவன்ஸ்-சாவேஜ் ஆலைகளில் செய்தவற்றில் குறி பிசகாமல் சுட்டவற்றைப் பொறுக்கி, லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 1942 முதல் 1945 வரை 23,000-க்கு மேல் அங்கே மாற்றப்பட்டன. கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலை தானே ஆயிரத்துச் சொச்சம் செய்தது. எண் வரிசை உதவாவிட்டாலும் மாற்றத்தின் தடயங்கள் துப்பாக்கி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எனக்கு இந்தத் துப்பாக்கி பிடிப்பதற்குக் காரணமும் அதுதான். ஒரு தடயத்தைப் போலியாக்கலாம், ஆறேழும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி போலியாக்குவது கஷ்டம்.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் பாடியின் (ரிசீவருக்கு பிரிட்டிஷ் பெயர்) இடப்பக்கம்: முடித்த ஸ்னைப்பருக்கான 'டி' முத்திரை, பலவற்றில் 'டிஆர்' என்பதும் இருக்கும். பிறகு துப்பாக்கியைப் புரட்டி அடிக்கட்டையின் கீழ்ப்பக்கம், பிடிக்குப் பின்னால் பாருங்கள். 'எஸ்51' என்று சிறிதாக மரத்தில் அழுந்தியிருக்க வேண்டும். ஹாலண்ட் நிறுவனத்தின் குறியீடு அது. கட்டையின் நீளத்தைச் சொல்லும் தனி 'எஸ்' எழுத்து வேறு. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்றாவது, பிடியின் மேற்புறம்: அங்கே ஸ்கோப்பின் எண் அடிக்கப்பட்டிருக்கும். நான்காவது, ஸ்கோப்பைப் பிடிக்கும் பிராக்கெட்டில் துப்பாக்கியின் எண். இவை இரண்டும் குறுக்காகப் பொருந்தினால்தான் 'முழுப் பொருத்தம்'. பிடியில் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியதை அடித்திருந்தால் பயப்பட வேண்டாம். ஸ்கோப் பழுதானபோது படைப்பட்டறையில் வேறு ஸ்கோப்பைப் பொருத்தியதன் சாட்சி அது. 1943-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில், பிறகு வந்த நம்பர் 32 மார்க் 3 ஸ்கோப் (நம்பர் 32 என்பது இந்தத் துப்பாக்கிக்கான ஸ்கோப்பின் பெயர்) இருப்பதையும் இதைக் கொண்டே ஏற்கலாம்.

ஐந்தாவது, கட்டைவிரலால் திருகும் இரண்டு பெரிய திருகுகளைத் தளர்த்தி ஸ்கோப்பைக் கழற்றி, பிராக்கெட் உட்காரும் இரும்புத் திண்டுகளைப் பாருங்கள். முன் திண்டு திருகாலும் ஈயப்பற்றாலும் பிடிக்கப்பட்டது. திருகுத் தலைகளின் ஓரத்தை உளியால் தட்டி நகராமல் பூட்டியிருப்பார்கள். தலைகள் புத்தம் புதிதாக, பூட்டாமல் இருந்தாலோ, திண்டின் நிறம் பாடியின் நிறத்தோடு சேராமல் தனித்துத் தெரிந்தாலோ அது பின்வேலை. பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் திண்டுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள கோட்டைப் பாருங்கள்: பழைய வேலையில் மசகும் அழுக்கும் இறுகி அந்தக் கோடே மங்கிவிடும், புதியதில் மயிரிழை போல இடைவெளி தெரியும். ஆறாவது, பின்குறி: ஸ்கோப்புக்கு இடைஞ்சல் என்பதால் மடக்குக் குறியிலிருந்த போர்க்குறித் துளையை (சண்டையில் விரைவாகக் குறிபார்க்கும் துளை) தேய்த்து அகற்றியிருப்பார்கள். கன்னத்தாங்கி மரம் இருப்பதை ஆதாரமாகவே எடுக்காதீர்கள். இரண்டு திருகில் நிற்கும் அந்தக் கட்டை இன்று புதிதாகத் தாராளமாகக் கிடைக்கிறது. பிராக்கெட்டும் அப்படியே.

'முன்னாள் டி' என்று ஒரு வகை உண்டு: ஸ்கோப்பும் பிராக்கெட்டும் பறிபோய், திண்டும் முத்திரைகளும் மட்டும் மிஞ்சியவை. இவற்றுக்கு வேறு பிராக்கெட், வேறு நம்பர் 32 ஸ்கோப் தேடி மாட்டி, நேர்மையாக 'மீட்டமைத்தது' என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். பட்ஜெட் குறைவானவர்களுக்கு என் பரிந்துரையும் இதுவே. தப்பு நடப்பது அடுத்த கட்டத்தில்: அந்தப் பிராக்கெட்டில் துப்பாக்கி எண்ணைப் புதிதாக அடிக்கிறார்கள். எழுத்து வடிவமும் அழுத்தமும் காட்டிக்கொடுத்துவிடும். முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் பழைய கறுப்பு படிந்திருக்க வேண்டும். பள்ளத்தின் அடி பளபளத்தால் சமீபத்திய வேலை.

இனி மோசின். மூன்றில் விலை குறைந்தது, கிடைப்பது எளிது, ஏமாறுவதும் எளிது. துலாவிலும் இஷெவ்ஸ்கிலும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. பியூ ஸ்கோப் மூன்றரை மடங்கு பெரிதாக்கும்; 169 மில்லிமீட்டர் நீளம், 270 கிராம்தான். எஸ்விடி-40 துப்பாக்கிக்காக வடிவமைத்ததை 1942-இல் கோசெதோவ் மவுன்ட்டில் வைத்து மோசினுக்குக் கொண்டுவந்தார்கள். ரிசீவரின் இடச்சுவரில் இரண்டு திருகு, இரண்டு ஊசியால் மவுன்ட்டின் அடித்தளம் நிற்கிறது. போல்ட் கைப்பிடி நீட்டி வளைக்கப்பட்டிருக்கும்.

சிக்கல் போருக்குப் பிறகு வருகிறது. ஒரு பகுதித் துப்பாக்கிகளில் ஸ்கோப்பை எடுத்து, ரிசீவர் துளைகளை அடைத்துப் பற்றவைத்து, நேர் கைப்பிடி போட்டு, சாதாரணத் துப்பாக்கியாகவே கிடங்குக்கு அனுப்பினார்கள். இவை பின்னாளில் மலிவு விலையில் வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தன. இடச்சுவரில் இரண்டு வட்டத் தழும்புகள் தெரியும். அந்தத் துளைகளை மீண்டும் திறந்து புதிய மவுன்ட் போட்டது ஒரு வகை. எந்தக் காலத்திலும் ஸ்னைப்பராக இல்லாததில் புதிதாகத் துளைத்தது இன்னொரு வகை. சேகரிப்பாளருக்கு முதலாவது மதிப்புள்ளது, இரண்டாவது வெறும் பொம்மை. பிரித்தறிய அடித்தளத்துக்குப் பக்கத்தில், பேரலின் அடிப்பகுதியின் இடப்புறம் பாருங்கள். போர்க்கால ஸ்னைப்பர்கள் பலவற்றில் அங்கே ஸ்கோப்பின் எண் அடிக்கப்பட்டிருக்கும். துலாவில் செய்தவற்றில் ரஷ்ய எழுத்தில் 'எஸ்என்' என்ற பின்னல் முத்திரை வரும். இரண்டும் இல்லாவிட்டால், விற்பவர் எத்தனை கதை சொன்னாலும் ஸ்னைப்பர் விலை தராதீர்கள்.

எண் பொருத்தம் என்ற வார்த்தைக்கு மோசினில் எடை குறைவு. படைக்கிடங்கில் புதுப்பித்தபோது, கையில் கிடைத்த ஸ்கோப்பையும் போல்ட்டையும் எடுத்து மாட்டி, துப்பாக்கியின் எண்ணை அவற்றின் மேல் அடித்தார்கள். சதுரத்துக்குள் ஒரு சாய்கோடு போட்ட முத்திரை அந்தப் புதுப்பிப்பின் அடையாளம். இது மோசடி அல்ல, சோவியத் படையின் முறையான வேலை. ஆனால் 'எல்லா எண்ணும் பொருந்துகிறது' என்பதை நம்பர் 4 (டி)-இல் சொல்வதற்கும் இதில் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பியூ ஸ்கோப்பே புதிதாகத் தயாராகிறது. எண்ணும் ஆண்டும் லேசரில் பொறித்தது போல ஒரே ஆழத்தில், ஓரம் கூர்மையாக இருந்தால் விலகிவிடுங்கள். பிரதி மவுன்ட்டின் இன்னொரு அறிகுறி சுடும்போது தெரியும்: மேல்கீழ் சரிசெய்யும் திருகுகளை முழுக்கத் திருகியும் குறி வட்டத்துக்குள் வராது, தகடு வைத்து ஏற்ற வேண்டியிருக்கும். அசல் தளம் அந்தந்தத் துப்பாக்கியில் கையால் பொருத்தப்பட்டது.

கண்ணாடியின் நிலையில் மூன்றுமே தொல்லை தருபவைதான். நம்பர் 32-இல் ஒட்டிய லென்ஸ்களுக்கு நடுவே உள்ள பசை பிரிந்து, ஓரத்திலிருந்து மஞ்சள் வளையமாகப் பரவும்; டிரம் (குறியைச் சரிசெய்யத் திருகும் உருளை) இறுகிவிடும். வலுக்கட்டாயமாகத் திருகினால் உள்ளே கம்பி அறும். வீவரில் ஈரம் புகுந்து பனி மூடும். நம்பர் 32-இலும் பியூவிலும் குறியைச் சரிசெய்யும்போது குறிக்கம்பியே நகர்வதால், அது பார்வையின் நடுவில் இல்லாமல் ஒதுங்கித் தெரிவது பழுது அல்ல. ஸ்கோப்பைப் பற்றிப் புகார் சொல்லி விலை குறைக்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கே98கே பற்றி ஒரே வரி: முதல் ஸ்னைப்பராக வாங்காதீர்கள். ஹை டரட், லோ டரட், நீளப் பக்கத் தண்டவாளம், குட்டைப் பக்கத் தண்டவாளம், ஒன்றரை மடங்கு செட்எஃப்41 என்று மவுன்ட் வகையே ஏகப்பட்டவை. ஆலைக்கு ஆலை வேறுபாடு. விலை உச்சம், போலியின் தரமும் உச்சம். ஆவணத்தோடு வந்தால் மட்டுமே, அதுவும் இந்த ஒரே துறையில் ஊறியவர் கையில் கொடுத்துப் பார்த்த பிறகு.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நம்பர் 4 சுடும் .303, இந்தியாவில் தடை செய்யப்பட்ட 'போர்' (bore, குழாயின் உள்விட்ட அளவு). சாதாரண உரிமத்தில் வராது. 1959 ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. எனவே இந்த ஒப்பீடு நடைமுறையில் உதவுவது அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில், அந்தந்த நாட்டு உரிமத்தோடு சேகரிப்பவர்களுக்கே. அமெரிக்காவில் இறக்குமதியாளர் முத்திரை (பின்னாளில் வணிகமாக வந்ததன் அடையாளம்) இருக்கும் துப்பாக்கியை 'எங்கள் தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது' என்று விற்றால், கதையும் இரும்பும் முரண்படுகின்றன என்று புரிந்துகொள்ளுங்கள்.

என் தேர்வு: முழு பட்ஜெட் உள்ளவருக்கு எண் குறுக்காகப் பொருந்தும் நம்பர் 4 (டி). ஆராய நேரமில்லாமல், ஐந்து நிமிடத்தில் அசலா என்று தெரிந்தாக வேண்டுமென்றால் எம்1903ஏ4. ஸ்கோப்புக்குத் தனி மதிப்புப் போடாமல் வாங்க வேண்டும். மோசினை சுடுவதற்கும் படிப்பதற்கும் வாங்குங்கள், முதலீட்டுக்கு வேண்டாம்.

தொலைவிலிருந்து வாங்கினால் முன்பணத்துக்கு முன்பே இந்தப் படங்களைக் கேளுங்கள்: ரிசீவரின் இரு பக்கமும், மவுன்ட்டைக் கழற்றி அதன் அடித்தளமும், திருகுத் தலைகள் அருகாமையில், அடிக்கட்டையின் கீழும் பிடியின் மேலும், ஸ்கோப் குழாயின் எண், லென்ஸ் வழியாக வெள்ளைச் சுவரைப் பார்த்த படம். எல்லாம் ஃபிளாஷ் இல்லாமல், சாய்ந்த பகல் ஒளியில். வாங்கிய பின் மரத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், இரும்பை மறுபடி கறுப்பேற்றாதீர்கள். ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் தடவினால் மரத்துக்குப் போதும். 'எஸ்51' அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. ஒரு மாலை நேரத் தேய்ப்பில் போய்விடும், திரும்ப வராது.